ஜாமம் பார்த்துச் சேவல் விட்டவர்கள்

சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகக் காவிரிக் கரை வரையில் பரந்து கிடக்கும் சமவெளியில், தை பிறந்து சோளத்தட்டு போரேறிய பிறகு குடியானவனுக்குக் கிடைக்கும் ஓய்வுக் காலத்திலே, ஊருக்கு ஊர் நடந்துவந்த சேவற்கட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதன் இரத்தத்தையும் கத்தியையும் பணயத்தையும் பற்றிப் பேசுவார்களே தவிர, களத்தில் இறங்குவதற்கு முன்னால் எந்தச் சேவல் வெல்லும் என்று நிர்ணயிப்பதற்காக அந்த ஜனங்கள் வளர்த்து வைத்திருந்த ஒரு பெரிய சாஸ்திரத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம். டென்னிஸ் ஆட்டத்தில் ஜயிக்கப் போகிறவர் யார் என்பதைக் கணினி கொண்டு நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டுச் சொல்லும் காலம் இது. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே, எழுத்தறியாத சேவற்காரன் ஒருவன் விரல் மடக்கி, 'இந்த ஜாமத்தில் விட்டால் காகம் சாகும், வல்லூறு ஆளும்' என்று சொல்லிவிட்டு மடியிலிருந்த பணத்தை எடுத்து வைத்தான். அவனுடைய கணக்கு எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்பதைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்கலாம்.

வெற்றியை முன்கூட்டி அறிய வேண்டும் என்ற ஆவல் இந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல. தகடூர் அதியமானும் கொல்லிமலை ஓரியும் ஆண்ட நாடு இது. தருமபுரி, சேலம் பகுதிகளில் கிடைக்கும் நடுகற்களில் பல, ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ பட்ட வீரர்களுக்காக எடுக்கப்பட்டவை. அப்படி நிரை கவரப் புறப்படுவதற்கு முன் ஊர்ப்பக்கத்தில் நின்று, யாரோ யாரிடமோ எதேச்சையாகப் பேசும் சொல்லைச் செவிமடுத்து, அது நல்ல சொல்லாயின் செல்வது, இல்லையாயின் நிற்பது என்ற வழக்கத்தைத் தொல்காப்பியர் விரிச்சி என்று பெயர் சொல்லி வெட்சித் திணையில் வைத்திருக்கிறார். கோயிலில் பூக்கேட்பதும், பல்லி சொல்லுக்குக் காது கொடுப்பதும், பயணம் புறப்படுகையில் எதிரே வருவது யார் என்று பார்ப்பதும் கொங்கு நாட்டில் இன்றும் நின்றுபோகவில்லையென்றால், அந்த ஆவலுக்கு ஈராயிரம் வயது என்று கணக்கிடுவதில் பிழையில்லை.

சேவற்போருக்கும் வயது குறைந்ததில்லை. குப்பை மேட்டில் விலக்குவார் யாருமின்றித் தாமே பொருது தாமே ஓயும் கோழிகளை உவமையாக்கிக் குறுந்தொகையில் பாடிய புலவருக்குக் குப்பைக் கோழியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்திலும் வட தமிழகத்து இந்தளூரிலும், சண்டையில் மாண்ட சேவலுக்கே நடுகல் நட்டிருக்கிறார்கள். இந்தளூர்க் கல்லில் பொறித்துள்ள சேவல் கீழ்ச்சேரிக்காகப் போராடியது, அதன் பெயர் பொற்கொற்றி. மேற்சேரி, கீழ்ச்சேரி என்று ஊரே இரு கட்சியாகப் பிரிந்து நின்று பொருதிருக்கிறது என்பதும், தோற்று மாண்டதையும் வீரனாகவே எண்ணிக் கல்லெடுக்கும் மனம் அவர்களுக்கு இருந்தது என்பதும் அந்தக் கற்களால் விளங்குகின்றன. பிற்காலத்தில் ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை, அரசர்களின் வெற்றிகளைப் பாடி முடித்துவிட்டு, கோழி வென்றி, தகர் வென்றி, பூழ் வென்றி என்று பறவை விலங்குகளின் வெற்றிகளையும் வரிசைப்படுத்துகிறது. அதே வரிசையில் சூது வென்றியும் சேர்ந்திருப்பதைக் கவனித்தால், போரும் பணயமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்பதைப் பழைய இலக்கணக்காரர் அறிந்தே இருந்தனர் என்று தோன்றுகிறது.

இனி அந்தச் சாஸ்திரத்துக்கு வருவோம். பஞ்சபட்சி என்று அதற்குப் பெயர். போகர், அகத்தியர், உரோமரிஷி முதலிய சித்தர்களின் பெயரால் வழங்கும் சுவடிகள் அதற்கு ஆதாரம். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்னும் ஐந்து பட்சிகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என்னும் ஐந்து தொழில்கள். சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரையில் ஆறு நாழிகை கொண்ட ஜாமங்கள் ஐந்து, இரவுக்கும் அவ்வாறே ஐந்து. உலகத்து மனிதர் அனைவரும் இந்த ஐந்து பட்சிகளுள் ஏதேனும் ஒன்றுக்கு உட்பட்டவர் என்பது அதன் அடிப்படை. வளர்பிறையில் பிறந்தவர்க்கு அசுவினி முதல் ஐந்து நட்சத்திரம் வல்லூறு, அடுத்த ஆறு ஆந்தை, அடுத்த ஐந்து காகம், அடுத்த ஐந்து கோழி, கடைசி ஆறு மயில். தேய்பிறையில் பிறந்தவர்க்கு இந்த வரிசை தலைகீழாகிவிடும். பிறந்த நட்சத்திரம் தெரியாதவன் கவலைப்பட வேண்டியதில்லை: அவன் பெயரின் முதலெழுத்தில் ஒலிக்கும் உயிர் அகரமாயின் வல்லூறு, இகரமாயின் ஆந்தை, உகரமாயின் காகம், எகரமாயின் கோழி, ஒகரமாயின் மயில் என்று கொள்ளலாம். ஜாதகம் எழுதி வைக்கும் வசதி இல்லாத குடிகளுக்கும் இடங்கொடுத்த இந்தத் தாராளமே சாஸ்திரத்தைச் சேவற்களம் வரையில் கொண்டு சேர்த்தது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு நாளை எடுத்துக்கொண்டு பார்த்தால் அதன் இயக்கம் தெளிவாகும். வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொள்வோம். 8.24 வரையில் நடக்கும் முதல் ஜாமத்தில் வல்லூறு உண்ணும், ஆந்தை நடக்கும், காகம் அரசு புரியும், கோழி துயிலும், மயில் சாகும். அடுத்த ஜாமத்தில் ஒவ்வொன்றும் தன் தொழிலில் ஒரு படி நகரும். 10.48 முதல் 1.12 வரையிலான மூன்றாம் ஜாமத்தில் வல்லூறு அரசுக்கு வந்துவிடும். காலையில் அரசாண்ட காகமோ அந்த வேளைக்குச் சாவில் கிடக்கும். ஆக, அன்று காகத்துக்கு உடையவன் இளங்காலையிலேயே கட்டை முடித்துவிடப் பார்ப்பான். வல்லூற்றுக்கு உடையவன் உச்சிப் பொழுது வரட்டும் என்று இழுத்தடிப்பான். களத்துக்கு வந்த பிறகு சேவலின் காலில் நூல் தளர்ந்துவிட்டது என்று அவிழ்த்துக் கட்டுவதும், தண்ணீர் காட்ட வேண்டும் என்பதும், கூட வர வேண்டிய மாமன் இன்னும் வந்து சேரவில்லை என்று சாக்குச் சொல்வதும் வெறும் சோம்பலால் அல்ல. இருவர் மடியிலும் ஒரே பஞ்சாங்கம் இருந்தது. எந்தத் திசையில் நின்று சேவலை விடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. அதனால் களத்தின் கிழக்குப் பக்கத்துக்காகவும் தெற்குப் பக்கத்துக்காகவும் வாய்ச்சண்டை மூண்டு, சேவல்கள் பொருவதற்கு முன்னால் மனிதர் பொருத கதைகளும் உண்டு.

பட்சி என்பது சேவலுக்கா, சேவற்காரனுக்கா என்பதில் அவர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. உடையவனின் பெயரைக் கொண்டு பார்ப்பவர் ஒரு சாரார். இறகின் நிறத்தைக் கொண்டு, கருத்ததைக் காகம் என்றும், பல வர்ணம் மின்னுவதை மயில் என்றும் பார்ப்பவர் மற்றொரு சாரார். ஆனால் நிறத்தின் பேரால் சேவலுக்குப் பெயரிடப் புறப்பட்டவர்கள் சாஸ்திரத்தின் ஐந்தோடு நிற்கவில்லை. கீரி என்றும் ஒரு வகையைச் சொல்வார்கள். சித்தர் சுவடியில் கீரிக்கு இடம் ஏது? அதற்கு அரசு எந்த ஜாமம், சாவு எந்த ஜாமம் என்று கேட்டால், அதை ஏதேனும் ஒரு பட்சியோடு சேர்த்துச் சமாதானம் சொல்லிவிடுவார்கள். தொழில் சாஸ்திரத்தைத் தாண்டிச் சென்ற இடம் அது.

இத்தனைக்கும், ஜாமக்கணக்கைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் செய்த வேலை ஒன்றுண்டு. அதுதான் உண்மையில் நுட்பமானது என்று நினைக்கிறேன். அதற்கு ஜோடி பார்ப்பது என்று பெயர். இருவர் தத்தம் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, எதிரெதிரே குந்தி, நெஞ்சுக்கு நெஞ்சு நிறுத்தி உயரம் பார்ப்பார்கள். கைமாற்றிக் கொடுத்து எடை பார்ப்பார்கள். தொடைச் சதையைப் பெருவிரலால் அழுத்தி, மூச்சு வாங்குகிறதா என்று அடிவயிற்றில் புறங்கையை வைத்து, காற்செதிலின் வரிசையையும் கண்ணின் தெளிவையும் அலகின் கனத்தையும் ஒரு வார்த்தை பேசாமல் கவனிப்பார்கள். தன் சேவல் கம்பும் கேழ்வரகும் தின்று எத்தனை நாள் கிணற்றில் நீந்தியிருக்கிறது என்பதை இவன் சொல்லமாட்டான், அவனும் கேட்கமாட்டான், ஆனால் சதையைத் தொட்ட விரல் சொல்லிவிடும். ஒன்று இளைத்தது, ஒன்று கொழுத்தது என்று தெரிந்தால் ஜோடி சேராது. எழுந்து வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். சரிக்குச் சரி என்று இருவர் மனமும் ஒப்பினால்தான் கட்டு.

இதிலிருந்து விளைவது விசித்திரமானது. பிரத்தியட்சமாகக் கண்ணாலும் கையாலும் அறியக்கூடிய ஏற்றத்தாழ்வையெல்லாம் ஜோடி பார்க்கும்போதே நீக்கிவிடுகிறார்கள். எஞ்சுவது ஏறக்குறைய சமமான இரு சேவல்கள். அறிவுக்கு எட்டியதெல்லாம் தீர்ந்துபோன அந்த இடத்தில்தான் பஞ்சபட்சி நுழைகிறது. எந்த ஜாமத்திலும் ஐந்து பட்சிகளும் ஐந்து வெவ்வேறு தொழிலில் இருப்பதால், இரண்டு வெவ்வேறு பட்சிகளை எதிரெதிரே நிறுத்தினால் அவை ஒருபோதும் சமமாகா. ஏதேனும் ஒன்று மேலாகத்தான் இருக்கும். ஜோடி சேர்ப்பவன் அரும்பாடுபட்டு உண்டாக்கிய சமத்துவத்தை ஜாமக்கணக்கன் ஒரு நொடியில் குலைத்து, மேல் கீழ் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். பணயம் வைப்பவனுக்கு அந்தத் தீர்ப்பு தேவை. சமம் என்று தெரிந்த பிறகு பணத்தை எந்தப் பக்கம் வைப்பது? சாஸ்திரம் மெய்யா பொய்யா என்று தர்க்கம் செய்கிறவர்கள், அது எந்தத் தேவையை நிறைவேற்றியது என்பதைக் கவனிப்பதில்லை. கணிப்பு பொய்த்துப்போன நாளுக்கும் சாஸ்திரத்திலேயே பரிகாரம் இருந்தது: ஒவ்வொரு ஜாமத்துக்குள்ளும் ஐந்து தொழில்களுக்கும் உட்பிரிவுகள் உண்டு, அவற்றின் அளவும் ஒன்று போல் இராது. அரசு ஜாமத்தில் தோற்றவன், அரசுக்குள் சாவு நடந்த சூக்ஷ்ம வேளையில் சேவலை விட்டுவிட்டேன் என்று தன்னையே நொந்துகொள்வானே தவிர, சுவடியை நோவதில்லை. தோற்ற சேவல் கோச்சை என்ற பெயரோடு எதிரியின் வீட்டுக் குழம்புக்குப் போய்விடுவதால், அது சாட்சி சொல்ல வருவதும் இல்லை.

டென்னிஸ் ஆட்டத்தோடு இதை ஒப்பிட்டால், அங்கே ஜோடி சேர்ப்பது முற்றிலும் மாறான முறையில் நடக்கிறது. பெரிய பந்தயங்களில் வலியவர்களுக்குத் தரவரிசை கொடுத்து, ஆரம்பச் சுற்றுகளில் அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்காதபடி பிரித்து வைப்பார்கள். ஆகவே முதல் சில நாட்களில் வலியவனும் எளியவனும் மோதுவதுதான் விதி, முடிவை ஊகிப்பதும் எளிது. வரவரச் சமமானவர்கள் எதிர்ப்படும்போதுதான் கணிப்பு தடுமாறுகிறது. 1973 முதல் ஆட்டக்காரர்களின் வரிசையைக் கணினி நிர்ணயிக்கிறது. சதுரங்கத்துக்காக ஆர்பட் ஈலோ வகுத்த புள்ளி முறையை டென்னிஸுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். புல்தரையா, களிமண்ணா, சென்ற வாரம் எத்தனை செட் ஆடிக் களைத்தான் என்பதையெல்லாம் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதல் முறை நீல் பிரேசரிடமும் மறுமுறை ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டில் கோப்பையை வென்றவர்களும் அவர்களே. பெயரின் முதலெழுத்தைக் கொண்டு பார்க்கும் நம் சேவற்காரரிடம் 1960-ஆம் ஆண்டு ஆட்டத்தைக் கொடுத்திருந்தால் திகைத்திருப்பார்: கிருஷ்ணனுக்கும் இகர ஒலி, நீலுக்கும் அதன் நெடில்; இருவரும் ஆந்தை. ஒன்று உண்ணும்போது மற்றதும் உண்ணும், ஒன்று சாகும்போது மற்றதும் சாகும். சாஸ்திரம் வாய்மூடும் அரிய சந்தர்ப்பங்களில் அது ஒன்று. 1962-இல் கிருஷ்ணனுக்கு நான்காம் தரவரிசை கொடுத்தார்கள். கணுக்கால் காயம் அவரை இடைவழியில் விலகச் செய்தது. கணுக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தரவரிசை கொடுப்பவர் எவருமில்லை. சேவற்காரன் அதைத்தான் முதலில் தொட்டிருப்பான்.

மறு பக்கத்துக்கும் சாட்சி உண்டு. 1966-இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் பிரேசிலுக்கு எதிராகக் கல்கத்தாவில் நடந்த கடைசி ஆட்டத்தில், தாமஸ் காக்கிடம் இரண்டுக்கு ஒன்று செட் பின்தங்கி, நான்காம் செட்டிலும் இரண்டுக்கு ஐந்து என்று கிடந்த கிருஷ்ணன் மீண்டு வந்து ஜயித்து, இந்தியாவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றார். அந்தக் கட்டத்தில் எந்தக் கணக்கும் அவர் பக்கம் பேசியிராது.

ஜயிக்கப் போவது எது என்று சொல்வது அறிவா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியை இந்த நாட்டில் கடைசியில் கையிலெடுத்தவர்கள் ஜோதிடரும் அல்ல, ஆட்டக்காரரும் அல்ல, நீதிபதிகள். 1930-ஆம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டம், வெறும் திறமையால் அமையும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் செய்ய, கிண்டிப் பந்தய விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவனின் சாமர்த்தியம் ஆகியவற்றை ஆராய்ந்து பணம் கட்டுவது பெரும்பாலும் திறமையின்பாற்பட்டதே என்று 1996-இல் தீர்ப்பாயிற்று. அந்தத் தர்க்கத்தைச் சேவல் பக்கம் திருப்பினால், வம்சம் அறிந்து, செதில் எண்ணி, சதை தொட்டுப் பார்க்கும் நம் நாட்டுப்புறத்தான் எந்த விதத்தில் குறைந்தவன் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அவன் வழக்கு அங்கே நிற்காது; தடையின் காரணமே வேறு. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்கள் அவையில் கொண்டுவந்த மசோதாவின் பலனாக, 1960-இல், கிருஷ்ணன் முதன்முதலாக விம்பிள்டன் அரையிறுதி ஆடிய அதே ஆண்டில், பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பிராணிகளை மோதவிடுவதும் அதற்கென்று களம் நடத்துவதும் குற்றமாயின. குதிரை ஓடுகிறது, சேவல் சாகிறது. காலில் கட்டிய கத்தி சேவலோடு நிற்காமல், விலக்கப் போன மனிதனின் கையையும் தொடையையும் கிழித்த சம்பவங்களை அறிந்தவர்கள் அந்தச் சட்டத்தைக் குறை சொல்லத் தயங்குவார்கள், நானும் சொல்லமாட்டேன்.

ஆயினும் கட்டு அடியோடு ஒழிந்துவிடவில்லை. காவிரிக்கு அக்கரையில், அரவக்குறிச்சிப் பக்கத்துப் பூலாம்வலசில் பொங்கலை ஒட்டி நடந்துவந்த சேவற்கட்டுக்கு இக்கரை ஜனங்களும் கூடையில் சேவலை வைத்துக்கொண்டு பரிசலேறியும் பஸ் ஏறியும் போனார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றிய வழக்குகள் நீதிமன்றம் ஏறின. கத்தி கூடாது, பணயம் கூடாது என்னும் நிபந்தனைகளோடு சில இடங்களில் அனுமதியும், சில இடங்களில் மறுப்பும் கிடைத்துவருகின்றன. கத்தி இல்லாத வெற்றுக்கால் கட்டில் சண்டை வெகுநேரம் நீளும். ஜாமத்தைத் தாண்டியும் போய்விடும். ஊணில் தொடங்கி நடையில் முடிந்த சண்டைக்கு எந்தத் தொழிலைக் கணக்கில் கொள்வது என்பதில் பழைய கைகளுக்குள்ளேயே இன்றும் தகராறுதான்.

பஞ்சபட்சி இன்று களத்தைவிட்டு வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போகிறவனும், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவனும், நிலம் பேசி முடிக்கப் போகிறவனும் கைப்பேசியில் தன் பட்சி இப்போது அரசிலா துயிலிலா என்று பார்த்துக்கொள்கிறான். விரல் மடக்கும் வேலையை இயந்திரம் செய்துவிடுகிறது. அதே கைப்பேசியில் எங்கோ நடக்கும் டென்னிஸ் ஆட்டத்துக்குப் பணம் கட்டச் சொல்லி ஆசை காட்டியவர்களைத் தடுக்கவும் தமிழக அரசு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டியதாயிற்று. பணம் கட்டுபவன் ஆட்டக்காரனின் நெஞ்சோடு நெஞ்சு நிறுத்தி உயரம் பார்த்ததில்லை. தொடையை அழுத்திப் பார்த்ததில்லை. ஜோடி பார்க்கும் பாதி போய், ஜாமம் பார்க்கும் பாதி மட்டும் அவன் கையில் இருக்கிறது.

1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், கோழியின் பேரால்தான் இந்தியா முழுவதும் அறியப்படுகிறது. ஆனால் அது வேறு கோழி. முட்டைப் பண்ணைகளுக்கு வரும் குஞ்சுகளைப் பொரித்த அன்றே ஆண் பெண் பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். அடைப்புகளில் வளர்பவை பெட்டைகள் மட்டுமே, சேவல் கூவுவதற்கே அங்கே இடமில்லை. பண்ணைக்காரர் விடிந்ததும் விசாரிப்பது முட்டை ஒருங்கிணைப்புக் குழு அன்று அறிவிக்கும் விலையை. அது ஏறுமா இறங்குமா என்பதற்கு மக்காச்சோளத்தின் விலையையும் கேரளத்துக்குப் போகும் லாரிகளையும் ஐயப்பன் சீசனையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு ஜாமம் பார்க்கும் ஆள் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.